வெர்னாட்சா மீனவ ஊரா, திராட்சை ஊரா?

கேள்வி:
போன மாதம் இத்தாலியில் சிங்க்வே தெர்ரே பக்கம் போயிருந்தேன். அங்குள்ள ஐந்து கடலோர ஊர்களில் வெர்னாட்சாதான் மனதில் நின்றது. சின்னத் துறைமுகம், பாறை உச்சியில் ஒரு கோபுரம், எல்லாம் சரி, ஆனால் ஊருக்குப் பின்னால் மலை முழுக்கப் படிக்கட்டு மாதிரி கல்சுவர்கள். மீன் பிடிக்கிறவர்கள் எதற்கு மலையை இப்படிச் செதுக்கினார்கள்?

பதில் 1:
மீனவ ஊர் என்பது பாதிக்கதைதான். ஐந்தில் இயற்கைத் துறைமுகம் உள்ள ஊர் இது ஒன்றுதான், அதனால்தான் 1080லேயே ஆவணத்தில் பெயர் வந்துவிட்டது, 13ஆம் நூற்றாண்டில் அந்தக் கடற்கரையை ஆண்ட துறைமுக நகரமான ஜெனோவாக்காரர்களும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் பார்த்த கோபுரம் கடற்கொள்ளையர்களைக் கண்காணிக்க. துறைமுகத்தில் கப்பலேறியதோ முக்கியமாக அந்தக் கல்சுவர்ப் படிகளில் விளைந்த திராட்சையின் ஒயின்.

பதில் 2:
அந்தச் சுவர்களில் சுண்ணாம்பும் இல்லை, சிமெண்டும் இல்லை. கல்லின் மேல் கல், இடுக்கில் சின்னச் சில்லு, அவ்வளவுதான். மழைநீர் அந்த இடுக்குகள் வழியாகக் கசிந்து போய்விடும், ஆனால் ஒரு கல் சரிந்தால் உடனே எடுத்து வைக்க ஆள் வேண்டும். அந்த ஆட்கள்தான் போய்விட்டார்கள். பக்கத்து நகரமான லா ஸ்பெட்சியாவில் கடற்படைத் தளம் வந்தது, 1874க்குள் ரயிலும் வந்தது, மாதச் சம்பளம் கிடைக்கும்போது முதுகில் கூடை சுமந்து மலையேற யாருக்கு மனசு வரும்? இப்போது மிச்சமிருக்கிற தோட்டங்களில் அறுவடைக்கு ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்கிற குட்டி வண்டி இருக்கிறது, செங்குத்தாக ஏறும், பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது வீடுகளை மட்டுமல்ல, இந்தச் சுவர்களையும் சேர்த்துத்தான் கணக்கில் எடுத்தார்கள். 2011 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில், கைவிட்ட சரிவுகளிலிருந்து மண்ணும் கல்லும் இறங்கி ஊரையே மூடின. மூன்று பேர் இறந்தார்கள்.

பதில் 3:
சுவர்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். மலையிலிருந்து வரும் ஓடையை மூடி அதன் மேல்தான் பெரிய வீதியே போட்டிருக்கிறார்கள். அன்று தண்ணீருக்குக் கீழே இடம் போதவில்லை, மேலே வந்துவிட்டது.

கேள்வி கேட்டவர்:
ரயில் நிலையத்திலிருந்து துறைமுகத்துக்கு இறங்குகிற வீதியா? ஐஸ்கிரீம் தின்றுகொண்டே நாலு தடவை நடந்தேனே!

பதில் 3:
அதேதான்.