சத்திரத்துச் சாப்பாட்டுக்கு உண்மையில் எவருடைய அப்பணையும் வேண்டியிருக்கவில்லையா?

நீடாமங்கலத்தான்:

அனைவருக்கும் வணக்கம். "சத்திரத்துச் சாப்பாட்டுக்குத் தாத்தையங்கார் அப்பணையா?" என்று என் பாட்டி அடிக்கடி சொல்வார். அப்பணை என்பது உத்தரவு. எல்லாருக்கும் பொதுவாகக் கிடைப்பதைப் பெறுவதற்கு நடுவில் ஒருவருடைய உத்தரவு எதற்கு என்பது பழமொழியின் பொருள். சிறு வயதில் அதை வெறும் கேலிப் பேச்சாகவே கேட்டேன். எங்கள் ஊர் யமுனாம்பாள் சத்திரத்தின் வாசலைக் கடந்து போய்வந்த காலத்தில்கூட, அந்தக் கட்டடத்துக்கும் இந்தப் பழமொழிக்கும் ஏதேனும் உறவு இருக்கும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

என் ஐயம் இதுதான். முன்பின் தெரியாத ஒருவன் தெருப்புழுதியோடு வந்து நின்றால், பெயரையும் ஊரையும் கேட்காமல், காசும் வாங்காமல் இலை போட்டார்களா? போட்டார்கள் என்றால், நாள்தோறும் அந்த அரிசிக்கு யார் கணக்கு வைத்தார்கள்? இவ்வளவு பெரிய ஏற்பாடு எப்போது, எதனால் நின்றது? விருந்தோம்பல் தமிழர் பண்பு என்ற பொதுவான பதில் எனக்குப் போதவில்லை. விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சேதுவழி:

உங்கள் பாட்டி சொன்னது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் வருகிறவனுக்கு அப்பணை வேண்டாம் என்ற நிலையை உண்டாக்குவதற்குப் பின்னால் நிறைய அப்பணைகள் இருந்தன.

தஞ்சை மராட்டியர் காலத்துச் சத்திரங்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிக நல்ல சாட்சி, இரண்டாம் சரபோஜி மன்னர் 1801இல் கும்பினியின், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின், ரெசிடெண்டான (அரசவைப் பிரதிநிதியான) பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம். அது எழுந்த சூழ்நிலையை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். 1799 உடன்படிக்கையின்படி சரபோஜி நாட்டு நிர்வாகத்தைக் கும்பினியிடம் ஒப்படைத்துவிட்டார். கோட்டையும் வருவாயில் ஒரு பங்கும்தான் அவருக்கு மிஞ்சின. சத்திரங்களுக்கு விடப்பட்டிருந்த நிலங்களும் கையைவிட்டுப் போய்விடுமோ என்ற கவலையில், அவற்றின் நிர்வாகத்தைத் தம்மிடமே விட்டுவைக்க வேண்டும் என்று கேட்கும்போதுதான், சத்திரத்தில் அன்றாடம் என்ன நடக்கிறது என்பதை அவர் ஒவ்வொன்றாக விவரிக்கிறார். பிறர் தம் நாட்டைத் தர்ம ராஜ்யம் என்று அழைப்பது இந்தச் சத்திரங்களால்தான் என்றும், தமக்கு மிஞ்சியிருக்கும் பெருமைகளில் அதையே உயர்ந்ததாகக் கருதுவதாகவும் அதில் சொல்கிறார்.

பிராமணர் முதல் பறையர் வரை எல்லாச் சாதி வழிப்போக்கர்களுக்கும், ஜோகிகள், ஜங்கமர்கள், பைராகிகள் உள்ளிட்ட யாத்திரிகர்களுக்கும் சோறு போடப்படுகிறது. சமைத்த சோற்றை ஏற்காதவர்களுக்கு அரிசியும் மசாலைச் சாமான்களும் அளந்து கொடுக்கப்படுகின்றன. இப்படி வழங்குவது நடு இரவு வரை நடக்கிறது. அதன் பிறகு ஒரு மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வந்து சாப்பிடலாம் என்று கூவி அறிவிக்கிறார்கள். என்னை மிகவும் தொட்ட பகுதி இதுதான். கடைசி வண்டியைத் தவறவிட்டு இரவு பதினொரு மணிக்குப் பேருந்து நிலையத்தில் நின்றவர்களுக்கு அந்த மணியின் அருமை விளங்கும்.

கடிதம் சோற்றோடு நிற்கவில்லை. மேற்கொண்டு நடக்க முடியாதவர்கள் தங்கியிருக்கும் வரை உணவு உண்டு. நோயையும் வீக்கத்தையும் விஷக்கடியையும் பார்க்கத் தெரிந்த வைத்தியர்கள் இருந்தார்கள். வழியில் பேறுகாலம் நெருங்கிய பெண்களுக்குச் சத்திரச் செலவிலேயே பிரசவம் பார்த்து, அதன் பிறகும் மூன்று மாதம் வரை தங்கவிட்டார்கள். வந்த இடத்தில் பெற்றோர் இறந்துபோன பிள்ளைகளைச் சத்திரத்து உபாத்தியாயரிடம் ஒப்படைத்து, நாளுக்கு மூன்று வேளை உணவும், நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியலும் கொடுத்தார்கள்.

உங்கள் கேள்விக்கு இப்போது வருகிறேன். இத்தனைக்கும் பணம் அரண்மனைக் கஜானாவிலிருந்து நாள்தோறும் வந்ததாக நினைக்க வேண்டாம். ஒவ்வொரு சத்திரத்துக்கும் ஊர்கள் மானியமாக விடப்பட்டிருந்தன. அந்த ஊர்களின் நெல்லே அந்தச் சத்திரத்தின் உலைக்குப் போயிற்று. ஒரத்தநாட்டில் 1802இல் கட்டிய முக்தாம்பாள் சத்திரமும் அப்படித்தான். மன்னரின் துணைவியான முக்தாம்பாள் இறக்கும் தறுவாயில் தம் பெயரில் ஒரு சத்திரம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டதால் அது எழுந்தது. குதிரையும் யானையும் பூட்டிய தேர்போன்ற அதன் முகப்பைப் பார்த்து வியக்கிறவர்கள் பலர். ஆனால் அந்தத் தேரை நகர்த்தியவை சுற்றியிருந்த வயல்கள்தாம்.

பனையோலை:

சேதுவழி அவர்கள் சொன்ன நடு இரவு மணியைப் படித்ததும் எனக்கு மணிமேகலையின் ஆபுத்திரன் நினைவுக்கு வந்தான். அவன் மதுரையில் ஓர் அம்பலத்தில் தங்கி, பிச்சையெடுத்த சோற்றை இல்லாதவர்களுக்குக் கொடுத்து, மிச்சத்தைத் தான் உண்டு, பிச்சை ஏற்கும் திருவோட்டையே தலைக்கு வைத்துப் படுப்பவன். மழை பெய்யும் ஒரு நள்ளிரவில் சிலர் பசியோடு வந்து அவனை எழுப்புகிறார்கள். கொடுக்க ஒன்றும் இல்லாமல் அவன் தவிக்கும்போதுதான் சிந்தாதேவி என்ற தெய்வம் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்ற பாத்திரத்தைத் தருகிறாள். நேரங்கெட்ட நேரத்தில் வருகிறவனுக்கு என்ன செய்வது என்பதே வழிப்போக்கர் சோற்றின் பழைய சிக்கல். காப்பியத்தில் அதற்குத் தெய்வம் வர வேண்டியிருந்தது; நாட்டு நடப்பில் அதற்கு நிலம் எழுதிவைத்தார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் சாலாபோகம் என்று வரும் நிலங்கள், சாலை எனப்பட்ட உணவுக்கூடங்களில் சோறு போடுவதற்கென்று விடப்பட்டவை. ஆகவே சரபோஜி புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. பழைய முறையைப் பெரிய அளவில், நல்ல கணக்கோடு நடத்தினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

சொல் பற்றியும் ஒரு குறிப்பு. சாவடியையும் சத்திரத்தையும் இப்போது ஒன்றாகவே எழுதுகிறார்கள். சாவடி என்பது பெரும்பாலும் தலைக்குமேல் கூரை மட்டும். சத்திரம் என்றால் அங்கே அடுப்பு எரிய வேண்டும். வேள்வியையும் அன்னதானத்தையும் குறித்த சத்ரம் என்ற வடசொல்லிலிருந்து வந்ததால், அந்தப் பெயரிலேயே சோறு இருக்கிறது.

சென்னையில் இதற்கு இன்னொரு கிளைக் கதை உண்டு. ஐதர் அலியோடு நடந்த போரை ஒட்டிய பஞ்சத்தில், 1782இல் கஞ்சி ஊற்றுவதற்கென்று தொடங்கியது மணியக்காரர் சத்திரம். கஞ்சிக்கு வந்தவர்களில் நோயாளிகள் மிகுதியாக இருந்ததால் பக்கத்திலேயே வைத்தியமும் சேர்ந்துகொண்டது. இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் தொடக்கம் அங்கேதான். வடசென்னைப் பெரியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வதை இன்னும் கேட்கலாம்.

ஊர்சுற்றி:

சிறிய இடைச்செருகல். துருக்கியில் அக்சராய் ஊருக்கு அருகே 1229இல் செல்ஜுக் சுல்தான் கட்டிய சுல்தான் ஹான் என்ற வணிகச் சத்திரத்தைப் பார்த்திருக்கிறேன். கோட்டையைப் போன்ற மதில், வானளாவிய ஒற்றை வாசல், உள்ளே ஒட்டகங்களுக்கும் சரக்குக்கும் இடம். அந்நாட்டுச் சத்திரங்களில் வழிப்போக்கர்கள் மூன்று நாள் வரை காசில்லாமல் தங்கலாம். செலவுக்கு அங்கேயும் வக்ஃபு, அதாவது அறத்துக்கென்று எழுதிவைத்த சொத்துதான். ஆனால் அவர்கள் வாசல் இரவில் அடைக்கப்படும், ஏனென்றால் உள்ளே இருப்பது பட்டும் வெள்ளியும். ராமேசுவரத்துக்கு நடந்துபோகும் நம் சேது யாத்திரிகனிடம் திருட ஒன்றுமில்லை. அதனால்தான் நள்ளிரவில் கதவைத் திறந்துவைத்து மணி அடிக்க முடிந்ததோ என்று தோன்றுகிறது.

கரிசல்:

எல்லாரும் மகிழ்ச்சியாக எழுதிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எல்லாச் சாதியினருக்கும் சோறு என்பதும் எல்லாரும் ஒரே பந்தியில் என்பதும் ஒன்றல்ல. சமைத்ததை ஏற்காதவர்களுக்கு அரிசியாகக் கொடுத்தார்கள் என்று அந்தக் கடிதமே சொல்கிறதே, ஒருவர் சமைத்ததை இன்னொருவர் ஏன் ஏற்கமாட்டார்? சாதி பார்க்காமல் சோறு கிடைத்திருக்கலாம்; சாதி பார்க்காமல் இலை கிடைத்ததா என்பதே கேள்வி.

1904இல் காசிக்குப் போன பெரியாருக்கு நடந்ததை அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பிராமணர்களுக்கு மட்டும் சோறு போட்ட ஒரு சத்திரத்தில், பசி தாங்காமல் பூணூல் அணிந்து நுழைய முயன்றபோது மீசை காட்டிக்கொடுத்துவிட்டதால் அவரை வாயிற்காவலன் வெளியே தள்ளினான். தெருவில் எறிந்த எச்சில் இலைகளிலிருந்து பசியாறியபின் நிமிர்ந்து பார்த்தால், அந்தச் சத்திரத்தைக் கட்டிய பெருமகன் பிராமணரல்லாத ஒரு தென்னாட்டு வணிகர் என்று அங்கே எழுதியிருந்தது. ஆகவே, ஐயா, உங்கள் பாட்டியின் பழமொழியில் தாத்தையங்கார் எப்படி வந்து புகுந்தார் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். வாசலில் ஒருவர் நின்று ஆளைப் பார்த்து அனுப்பியதால்தான், அப்பணை எதற்கு என்று ஒருவனுக்குக் கேட்கத் தோன்றியிருக்கும்.

சேதுவழி:

கரிசல் அவர்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். கடிதம் மன்னர் தம் பக்கத்து நியாயத்தை எடுத்துரைக்க எழுதியது. பந்தியின் நடுவே இருந்த சுவரைப் பற்றி அதில் எதிர்பார்க்க முடியாது.

நின்றுபோனது எதனால் என்ற கேள்வி பாக்கியிருக்கிறது. சத்திரங்களின் வருவாய் உரிய காரியத்துக்குச் செலவாகிறதா என்று கவனிக்கும் பொறுப்பைச் சென்னை அரசின் 1817ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் வருவாய் வாரியத்திடம் கொடுத்தது. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்து தஞ்சை அரசு முடிந்தபின், நடத்துகிறவர் மன்னர் என்ற நிலையும் போயிற்று. இருந்தாலும் நிர்வாக மாற்றத்தைவிடப் பெரிய அடியைக் கொடுத்தது தண்டவாளம் என்றே நான் கருதுகிறேன். 1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு ரயில் வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் யாத்திரிகன் பெட்டியில் உட்கார்ந்தபடியே ராமேசுவரம் தீவுக்குள் போய் இறங்கினான். ஒரு பகல் நடைக்கு ஒன்று என்று கடற்கரை வழியில் அமைந்த சத்திரங்களுக்கு அதன்பின் நடந்து வருகிறவன் இல்லை. மானிய நிலத்தில் நெல் விளைந்துகொண்டுதான் இருந்தது. உண்ண ஆள்தான் வரவில்லை. அதனால் அந்த வருமானம் பள்ளிக்கூடத்துக்கும் மாணவர் விடுதிக்கும் திரும்பியது. முக்தாம்பாள் சத்திரத்திலும் பின்னாளில் மாணவர்களே தங்கிப் படித்தார்கள்.

பனையோலை:

ரயில் பற்றி ஒரு திருத்தம் மட்டும். நடைவழிச் சத்திரங்களை அது காலியாக்கியது உண்மை. ஆனால் ரயிலடிச் சத்திரங்களுக்கு வாழ்வு கொடுத்ததும் அதுவேதான். சென்னை சென்ட்ரலுக்கு அருகே ராமசாமி முதலியார் சத்திரம் 1880களில் எழுந்தது வண்டியிலிருந்து இறங்குகிறவர்களுக்காகத்தான். மதுரையில் ராணி மங்கம்மாள் பெயரைத் தாங்கிய பழைய சத்திரத்துக்கு எதிரிலேயே நிலையம் வந்து நின்றது. மாறியது என்னவென்றால், படுக்க இடம் தருமமாகவோ சொற்பக் காசுக்கோ தொடர்ந்தது. சோறு வெளியே போயிற்று. ரயிலடியைச் சுற்றிக் காபி கிளப்பும் சாப்பாட்டுக் கடையும் முளைத்தன. சோற்றை விலைக்கு விற்பது பாவம் என்று நினைத்த தலைமுறை ஒன்று அப்போது உயிரோடுதான் இருந்தது. அவர்கள் கட்டுச்சோற்று மூட்டையோடு பயணம் செய்ததற்குத் தீட்டு மட்டும் காரணமல்ல, இந்தக் கூச்சமும் ஒரு காரணம். ஆனால் காசு கொடுக்கிறவனை யார் என்று கேட்காத கடைகளும் மெல்ல வந்தன என்பதைக் கரிசல் அவர்கள் ஒப்புக்கொள்வார் என்று நம்புகிறேன்.

கரிசல்:

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதுவும் தானாக வந்துவிடவில்லை. பிராமணாள் என்று பலகை மாட்டிய ஓட்டல்களும், தனியாக வைக்கப்பட்ட டம்ளர்களும் எவ்வளவு போராட்டத்துக்குப் பிறகு போயின என்பது தனி இழையாகவே எழுத வேண்டிய செய்தி.

நீடாமங்கலத்தான்:

அனைவருக்கும் நன்றி. நான் கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்துவிட்டது. நேற்று மாலை யமுனாம்பாள் சத்திரத்துப் பக்கம் போய் நெடுநேரம் நின்றுவிட்டு வந்தேன். பேருந்துக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவரிடம் இங்கே சோறு போட்டதைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். தான் பார்த்ததில்லை, தன் அப்பா இங்கே சாப்பிட்டதாகச் சொல்லியிருக்கிறார் என்றார். உள்ளே உட்கார்ந்தா, வெளியிலா என்று கரிசல் அவர்களை நினைத்துக்கொண்டு கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதை அவர் சொல்லலை, நானும் கேட்கலை" என்று சொல்லி, வந்த வண்டியில் ஏறிக்கொண்டார்.