சின்னப் பத்திகளை வைத்து ஆங்கில இலக்கணப் பயிற்சி – யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே, என் தங்கை மகள் கேம்பிரிட்ஜ் பி2 ஃபர்ஸ்ட் என்ற ஆங்கில மொழித் திறன் தேர்வுக்குத் தயாராகிறாள். அதில் வாசிப்பும் மொழிப் பயன்பாடும் சேர்ந்த தாளின் மூன்றாம் பகுதியில் ஒரு சின்னப் பத்தியில் 8 கோடிட்ட இடங்கள் வரும், ஓரத்தில் கொடுத்திருக்கும் சொல்லை அந்த இடத்துக்குத் தக்கபடி மாற்றி எழுத வேண்டும். டிசைட் என்பதை டிசிஷன் என்று மாற்றுவதெல்லாம் சரியாக வருகிறது. ஆனால் முழு வாக்கியத்தையும் படித்து, இங்கே எதிர்மறைப் பொருள்தான் பொருந்தும், ஹானஸ்ட் இல்லை டிஸ்ஹானஸ்ட் என்று பிடிப்பதில்தான் தடுமாறுகிறாள். சொல் பட்டியலை மனப்பாடம் செய்வதால் இது வராது என்று நினைக்கிறேன். பத்துப் பன்னிரண்டு வரிப் பத்திகள், விடையோடு ஏன் அந்த விடை என்ற விளக்கமும் உள்ளவை தெரிந்தால் சொல்லுங்கள், இலவசமாகக் கிடைத்தால் ரொம்ப நல்லது. அப்புறம், வீட்டில் சொல்லிக்கொடுத்தவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை பத்தி கொடுத்தீர்கள்?