வால்வு ரிசீவரில் 20 மீட்டர் மட்டும் கேட்கவில்லை: ஆன்டெனா காயில் போய்விட்டதா?

கேள்வி:
பழைய வால்வு ரிசீவர், தனியாக 100 வாட் டிரான்ஸ்மிட்டர். டிரான்ஸ்மிட்டருக்கு டைபோல் (நடுவில் இணைப்பு உள்ள இரு கை ஆன்டெனா), ரிசீவருக்கு அதை ஒட்டியே ஓடும் நீள ஒயர். 20 மீட்டர் பேண்டில் (அலைவரிசையில்) திடீரென்று ஒன்றுமே கேட்பதில்லை. 40, 80 மீட்டர் பேண்டுகள் பழையபடி இருக்கின்றன. முதல் ஆர்எஃப் (ரேடியோ அலை) வால்வை மாற்றியும் பலனில்லை. எது போயிருக்கும்? மறுபடி நடக்காமல் எப்படித் தடுப்பது?

பதில் 1:
வால்வு எல்லா பேண்டுக்கும் பொது, அதனால் அது காரணமில்லை. 20 மீட்டர் ஆன்டெனா காயிலின் பிரைமரி (ஆன்டெனா பக்கச் சுற்று) பொசுங்கியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டர் கெபாசிட்டரில் சார்ஜ் இறங்கியதும், பேண்ட் சுவிட்சை 20-இல் வைத்து ஆன்டெனா, எர்த் முனைகளுக்கு நடுவே ஓம்ஸ் பாருங்கள். பிரைமரி நன்றாக இருந்தால் சில ஓம்தான் காட்டும். ஓப்பன் (தொடர்பே இல்லை) என்றால் உடனே காயிலைக் கழற்றாதீர்கள். சுவிட்ச் காண்டாக்ட் அழுக்கானாலும் இதே கோளாறுதான் வரும். துடைத்துவிட்டு, காயில் முனையிலேயே நேராக அளந்து பாருங்கள். அறுந்திருந்தால் சுற்றை எண்ணிக்கொண்டு, அதே தடிமன் கம்பியில், அதே திசையில் பிரைமரியை மட்டும் சுற்றுங்கள். செகண்டரியில் (வால்வு பக்கச் சுற்றில்) கை வைத்தால் டிராக்கிங் (டயலோடு டியூனிங் ஒத்துப்போவது) கெட்டுவிடும்.

பதில் 2:
காரணம் டைபோலை ஒட்டி ஓடும் அந்த ரிசீவர் ஒயர்தான். 100 வாட்டில் 20 டெசிபெல் குறைந்து வந்தாலும் 1 வாட் ரிசீவருக்குள் வரும்; 50 ஓமில் அது 7 வோல்ட். மெல்லிய கம்பி எவ்வளவு நேரம் தாங்கும்?

ஆன்டெனா முனையிலிருந்து எர்த்துக்கு 100 கிலோஓம் ரெசிஸ்டர், ஸ்டாட்டிக் சார்ஜ் வடிய. அதனுடன் 90 வோல்ட் கேஸ் டிஸ்சார்ஜ் டியூப் (வோல்ட் எகிறினால் எர்த்துக்குக் கடத்திவிடும் வாயுக் குழாய்). பிறகு சீரிஸில் 6 வோல்ட், 60 மில்லிஆம்ப் குட்டி பல்பு. பல்புக்குப் பின், ரிசீவர் பக்கம், எர்த்துக்கு எதிரெதிராக இரண்டு 1என்4148 டயோட். பல்பை விட்டுவிடாதீர்கள், டயோட் கடத்தும்போது கரண்ட்டைக் கட்டுப்படுத்துவது அதுதான். குளிர்ந்த நிலையில் அதன் தடை சுமார் 10 ஓம்தான் என்பதால் சிக்னல் இழப்பு 1 டெசிபெல்லுக்கும் கீழே. டிரான்ஸ்மிட் செய்யும்போது பல்பு எரிந்தால் ஒயரை இடம் மாற்றியே ஆகவேண்டும்.

முடிந்தால் டிரான்ஸ்மிட்டில் ரிசீவர் முனையை எர்த் செய்யும் ரிலேயும் போடுங்கள். அது ஒட்டிய பிறகே ஆர்எஃப் வரவேண்டும்.

கேள்வி கேட்டவர்:
டயோட் இருந்தால் இல்லாத ஸ்டேஷன்களெல்லாம் கேட்கும் என்கிறார்களே?

பதில் 2:
பக்கத்தில் பலமான ஒலிபரப்பு இருந்தால் கேட்கும். டயோடைக் கழற்றியதும் மறைந்தால் அதுதான் காரணம். ஒவ்வொரு திசைக்கும் ஒன்றுக்குப் பதில் இரண்டு டயோட் சீரிஸில் போடுங்கள். கடத்தும் அளவு 0.6-இலிருந்து சுமார் 1.2 வோல்ட்டுக்கு ஏறும். மீடியம் வேவ் தொல்லை என்றால் டயோடுக்கு முன்னால் ஹைபாஸ் ஃபில்டர் (தாழ்ந்த அதிர்வெண்ணைத் தடுப்பது).

பதில் 1:
நேரடி இடிக்கு இதில் எதுவும் நிற்காது. மேகம் திரளும்போதே ஒயரைக் கழற்றி வெளியே எர்த் செய்துவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட்டாக இருந்தால் சேசிஸில் (உலோகச் சட்டத்தில்) மெயின்ஸ் கரண்ட் இருக்கலாம். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (செட்டை மெயின்ஸிலிருந்து பிரித்துவைப்பது) இல்லாமல் அதற்கு எர்த் கொடுக்காதீர்கள்.