ஐரிஷ் வம்சாவளி தேடல்: கிளேர் கவுண்டியோடு நின்றுவிட்டது, ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது?

மெல்பர்ன் மருமகள்

வணக்கம். என் கணவர் ஆஸ்திரேலியர், அம்மா வழியில் ஐரிஷ் குடும்பம். மாமியாருக்கு 79 வயது. தன் கொள்ளுப்பாட்டி அயர்லாந்தில் எந்த ஊர் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார். வீட்டில் இதற்கெல்லாம் பொறுமை உள்ளவள் நான்தான் என்று வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

கையில் இருப்பது ஒரே ஒரு ஆவணம். 1913-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பதிவான இறப்புச் சான்றிதழ். பெயர் பிரிட்ஜெட், பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் மக்னமாரா, வயது 66. பிறந்த இடம் கிளேர் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), அயர்லாந்து. அப்பா மைக்கேல், விவசாயி. அம்மா ஹொனோரா, மொலோனி குடும்பம். விக்டோரியாவில் 46 வருடம். கத்தோலிக்கர்.

ஒரு கட்டணத் தளத்தில் பணம் கட்டித் தேடினேன். பிரிட்ஜெட் மக்னமாராக்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அரசின் இலவசத் தளத்தில் பிறப்புப் பதிவே இல்லை. கணவரின் மாமா, "1922-இல் எல்லாம் எரிந்துபோச்சு, விடு" என்கிறார். உண்மையிலேயே விட்டுவிட வேண்டியதுதானா?

பழைய ஏடு

விடாதீர்கள். பிறப்புப் பதிவு கிடைக்காததற்கும் தீக்கும் சம்பந்தமே இல்லை. அயர்லாந்தில் எல்லோருக்குமான பிறப்பு, இறப்புப் பதிவு 1864 ஜனவரியில்தான் தொடங்கியது. 1847 வாக்கில் பிறந்தவர் அதில் எப்படி இருப்பார்? ஆனால் கடைசித் தம்பி தங்கை யாராவது 1864-க்குப் பிறகு பிறந்திருக்கலாம். ஐரிஷ்ஜீனியாலஜி.ஐஇ தளத்தில் பதிவின் படத்தையே திறந்து பாருங்கள். அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் பிறந்த இடமும் அதில் இருக்கும்.

1922 கதைக்கு வருகிறேன். உள்நாட்டுப் போர் தொடங்கிய நேரம், ஜூன் 30 அன்று, டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த மக்கள் கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி, உயில்கள், அயர்லாந்து திருச்சபையின் (அது ஆங்கிலிக்கன், கத்தோலிக்கம் அல்ல) பதிவேடுகளில் பாதிக்கு மேல் எல்லாம் போயின. ஆனால் 1861, 1871 கணக்கெடுப்புகளை அரசே அதற்கு முன்பே அழித்துவிட்டது. 1881, 1891 இரண்டும் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகின. பழி மொத்தமும் தீயின் மேல் விழுந்துவிட்டது.

உங்களுக்கு வேண்டியது கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவேடு. அவை அந்தந்தப் பங்குக் கோயிலிலேயே இருந்ததால் தப்பின. பங்கு என்றால் ஒரு கோயிலின் கீழ் வரும் பகுதி. சுமார் 1880 வரையான பதிவேடுகளின் நுண்படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015-இல் இலவசமாக இணையத்தில் போட்டுவிட்டது. ஆனால் எந்தப் பங்கு என்று தெரியாமல் அதைத் திறந்தால் தொலைந்தீர்கள். முதலில் ஊர். அது அயர்லாந்தில் கிடைக்காது, ஆஸ்திரேலியாவில்தான் கிடைக்கும்.

சிட்னி செல்வி

அண்ணா சொல்வது சரி. உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், விக்டோரியா சான்றிதழ்களில் அமெரிக்கச் சான்றிதழ்களைவிட விவரம் அதிகம். பிரிட்ஜெட்டின் திருமணச் சான்றிதழை எடுங்கள். இறப்பு விவரத்தைச் சொன்னவர் மகனோ மருமகனோ, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். திருமண விவரத்தை பிரிட்ஜெட்டே சொல்லியிருப்பார்.

அதிலும் வெறும் கிளேர் என்று இருந்தால், கூடப்பிறந்தவர்களைத் தேடுங்கள். அந்தக் காலத்தில் ஒருவர் வந்து காலூன்றி, அடுத்தவரை வரவழைப்பார். ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் பழைய செய்தித்தாள்கள் இலவசம். இறப்புச் செய்தியில் சொந்த ஊரைப் போடுவது வழக்கம். கல்லறைக் கல்லையும் பாருங்கள். கல்யாணச் சாட்சிகள் பெயரையும் விடாதீர்கள், பெரும்பாலும் சொந்தக்காரராகவோ ஊர்க்காரராகவோ இருப்பார்கள்.

கப்பல் குமார்

நடுவில் ஒரு சந்தேகம். இப்படி நிரூபித்தால் கணவருக்கு ஐரிஷ் பாஸ்போர்ட் கிடைக்குமா?

பழைய ஏடு

கிடைக்காது. தாத்தா பாட்டியில் ஒருவர் அயர்லாந்தில் பிறந்திருந்தால் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம். இங்கே அதற்கும் மேலே போகிறது.

மெல்பர்ன் மருமகள்

பெரிய நன்றி! திருமணச் சான்றிதழில் மறுபடியும் கிளேர்தான். ஆனால் சாட்சி ஒருவர் பேட்ரிக் மக்னமாரா. செல்வி சொன்ன மாதிரி அவரைத் தேடினேன். இறப்புச் சான்றிதழில் அதே அப்பா, அதே அம்மா. அதாவது அண்ணன். கல்லறைக் கல்லில் "கிளேர் கவுண்டி டல்லாவைச் சேர்ந்தவர்" என்று பொறித்திருக்கிறார்கள். மாமியாருக்கு ஒரே சந்தோஷம்.

ஆனால் டல்லா என்றால் பங்கா, நகரமா, வேறு ஏதாவதா? ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு எல்லை காட்டுகிறது. பதிவேட்டைத் திறந்தால் எழுத்தே புரியவில்லை. டி.என்.ஏ. சோதனையும் செய்யலாம் என்கிறார் கணவர். பிரயோஜனம் உண்டா?

பழைய ஏடு

அருமை. டல்லா என்ற பெயரில் கத்தோலிக்கப் பங்கு, சிவில் பங்கு (அரசு நிர்வாகப் பிரிவு), ஏழைச் சட்ட ஒன்றியம் (ஏழைகள் நிவாரணத்துக்கான பிரிவு), சிறு நகரம் எல்லாமே உண்டு, எல்லைகள் ஒத்துப்போகாது. நீங்கள் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் டவுன்லேண்ட். சில வயல்களும் சில வீடுகளும் சேர்ந்த மிகச் சிறிய நிலப்பிரிவு அது. நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கு மேல் உண்டு. டவுன்லேண்ட்ஸ்.ஐஇ தளத்தில் வரைபடம் இருக்கிறது.

பதிவேட்டில் முதலில் அம்மாவின் பெயரைப் பிடியுங்கள். மைக்கேல் மக்னமாரா கிளேரில் எத்தனையோ பேர், மைக்கேலும் ஹொனோரா மொலோனியும் சேர்ந்த ஜோடி குறைவு. பங்கைப் பொறுத்து லத்தீனிலும் எழுதியிருப்பார்கள். ஹொனோரா என்பது நோரா, ஹன்னோரா, ஓனி என்றெல்லாம் வரும். பிரிட்ஜெட் பிடி, டிலியா, பிரிஜிடா ஆகலாம். மக் இல்லாமல் வெறும் நமாரா என்றும் பார்த்திருக்கிறேன். ஞானப்பெற்றோர் பெயரை அவசியம் குறித்துக்கொள்ளுங்கள்.

வயதை நம்பாதீர்கள், ஐந்து வருடம் முன்னும் பின்னும் பாருங்கள். வேடிக்கை என்னவென்றால், ஊரிலேயே தங்கியவர்களை 1901, 1911 கணக்கெடுப்புகளில் பார்த்தால் பத்து வருடத்தில் பதினைந்து வயது கூடியிருக்கும். 1909-இல் 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது. அப்புறம் என்ன, எல்லோருக்கும் வேகமாக வயதாகிவிட்டது.

டி.என்.ஏ. செய்வதானால் மாமியாருக்குச் செய்யுங்கள், கணவருக்கு அல்ல. ஒவ்வொரு தலைமுறைக்கும் முன்னோரிடமிருந்து வரும் டி.என்.ஏ. பாதியாகிறது. "இத்தனை சதவீதம் ஐரிஷ்" என்று வரும் படம் எதற்கும் உதவாது. ஒத்துப்போகும் உறவினர் பட்டியல்தான் உதவும்.

பொன்மலை பீட்டர்

எங்கள் பாட்டி வழியில் ஒரு ஐரிஷ் சிப்பாய், மதராஸ் ஃப்யூசிலியர்ஸ். இதே வழிதானா?

பழைய ஏடு

தனி இழை போடுங்கள், அது வேறு பாதை. அந்தப் படைதான் 1881-இல் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் முதல் பட்டாலியன் ஆனது. மதராஸ் ஞானஸ்நான, திருமணப் பதிவுகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன.

மெல்பர்ன் மருமகள்

டல்லா பதிவேட்டில் அந்த ஜோடி கிடைத்துவிட்டது! பேட்ரிக்கும் இருக்கிறார். ஆனால் பிரிட்ஜெட் இரண்டு பேர், ஒன்று 1846, இன்னொன்று 1849. எது எங்கள் பிரிட்ஜெட்?

பழைய ஏடு

1845-இல் தொடங்கிய பஞ்சம் கிளேரைக் கடுமையாகத் தாக்கியது. முதல் குழந்தை இறந்து, அதே பெயரை அடுத்த பெண்ணுக்கு வைத்திருக்கலாம். அப்படி வைப்பது சாதாரணம். கத்தோலிக்கப் பங்குகளில் அடக்கப் பதிவு வைத்திருப்பது அபூர்வம் என்பதால் நேரடியாக உறுதி செய்ய முடியாமல் போகலாம்.

ஆனால் ஒரே பெயர் கொண்ட இரண்டு தம்பதிகள் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்யுங்கள். ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் எதிரே டவுன்லேண்ட் எழுதியிருந்தால் ஒப்பிடுங்கள், ஞானப்பெற்றோரில் மொலோனிகள் திரும்பத் திரும்ப வருகிறார்களா பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் எந்த பிரிட்ஜெட் என்றாலும் பெற்றோர் ஒன்றுதான்.

பிறகு அந்த டவுன்லேண்டை கிரிஃபித்ஸ் மதிப்பீட்டில் (வரி போடுவதற்காக நிலங்களையும் வீடுகளையும் மதிப்பிட்ட அரசுப் பட்டியல்) தேடுங்கள். கிளேருக்கு 1855-ஆம் வருடத்தது, கிளேர் கவுண்டி நூலகத் தளத்தில் இலவசம். மைக்கேல் எவ்வளவு நிலம் வைத்திருந்தார், யாரிடம் குத்தகை என்பது வரும். அதன் வரைபட எண்ணை வைத்து வீடு எங்கே இருந்தது என்றும் பார்க்கலாம். எண் கிடைத்ததும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.