மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள்: துவக்கைத் தொடாமல் போனாலும் லைசன்ஸ் வேண்டுமா?

பூநகரியான்:

வணக்கம் உறவுகளே. நான் ஸ்காபரோவில் இருக்கிறேன், கனடாவுக்கு வந்து நான்கு வருடம். என்னோடு வேலை செய்கிற இரண்டு பேர் ஒவ்வொரு நவம்பரும் பான்குரொஃப்ட் பக்கம் மான் வேட்டைக்குப் போவார்கள். காட்டுக்குள் அவர்கள் குடும்பத்துக்குச் சொந்தமான பழைய மரக்கொட்டில் ஒன்று இருக்கிறது. ஆறு பேர் ஒரு கிழமை தங்குவார்களாம். இந்த முறை என்னையும் வா என்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஊரில் சின்ன வயதில் மாமாவோடு முயலுக்கு அலைந்தவன் நான்.

துவக்கு எனக்கு வேண்டாம். அவர்கள் வரிசையாக நிற்க, நான் மற்றப் பக்கத்தில் இருந்து சத்தம் போட்டு மானைக் கலைத்து விட்டால் போதும் என்கிறார்கள். அதற்கும் லைசன்ஸ் வேண்டுமா? அந்தப் பக்கம் காட்டுப்பன்றி கண்டதாகவும் ஒரு கதை அடிபடுகிறது. வந்தால் அவர்கள் சுடலாமா? இறைச்சியில் என் பங்கைத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் காசு கொடுத்து எடுக்கிறேன் என்கிறார், அது பிழையா?

கடைசியாக, மனைவி. அவர் முல்லைத்தீவு. வெடிச்சத்தம் என்றாலே அவருக்கு 2009 தான். "திரும்பி வருவீங்களோ" என்று கேட்கிறார். அவருக்கு நான் என்ன சொல்ல? விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மாங்குளத்தான்:

தம்பி, பன்னிரண்டு வருடமாக ஒன்ராறியோவில் மானுக்கும் காட்டுக்கோழிக்கும் போகிறேன். கேட்டது நல்லது. கேட்காமல் போய் மாட்டுப்பட்ட நம்மவர்களை எனக்குத் தெரியும்.

முதலாவது, லைசன்ஸ் வேண்டும். கையில் துவக்கு இல்லாவிட்டாலும் வேண்டும். இங்கே 1997ஆம் ஆண்டின் மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் பொருள் மிக அகலம். பதுங்கிக் காத்திருப்பது, தேடுவது, தடம் பிடித்துப் போவது, துரத்துவது, சுடுவது எல்லாமே வேட்டைதான். மான் விழுந்ததா தப்பியதா என்பது கணக்கில் வராது. நீங்கள் சத்தம் போட்டுக் கலைத்தால் அந்த நிமிடமே நீங்களும் வேட்டைக்காரர். அவுட்டோர்ஸ் கார்டும் (மாகாணம் தரும் வேட்டை, மீன்பிடி அட்டை) மான் லைசன்ஸும் இல்லாமல் கொன்சர்வேஷன் ஒஃபிசர் (வனவிலங்குச் சட்டத்தைக் காக்கும் அதிகாரி) கையில் அகப்பட்டால், "நான் சும்மா நடந்தேன்" என்ற பேச்சு எடுபடாது.

பன்றியைத் தொடவே வேண்டாம். 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் காட்டில் திரியும் பன்றியை வேட்டையாடுவது தடை. நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும், ஊரில் பன்றி என்றால் தோட்டத்தை உழுது நாசம் பண்ணும் சனியன். இங்கேயும் அதே பயம்தான், அதனால்தான் தடை. ஒன்றைச் சுட்டால் மற்றவை நாலா பக்கமும் சிதறி, ஆளைக் கண்டால் ஒளிக்கப் பழகிவிடும். பிறகு கூட்டத்தோடு பிடிக்கவே முடியாது. கண்டால் இடத்தைக் குறித்து, முடிந்தால் படம் எடுத்து, மாகாண இயற்கை வள அமைச்சுக்கு அறிவியுங்கள். அவர்களே பொறி வைத்துப் பிடிப்பார்கள்.

கடைக்காரருக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். வேட்டை இறைச்சியை விற்பது குற்றம், வாங்குவதும் குற்றம். சொந்தக்காரருக்குச் சும்மா கொடுக்கலாம். இன்னொன்று, தின்னக்கூடிய இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வருவதும் பழுதாக்குவதும் சட்டத்துக்கு விரோதம். கொம்பை மட்டும் வெட்டிக்கொண்டு வருகிற ஆளோடு ஒருநாளும் போகாதீர்கள்.

இனி மனைவியின் கேள்வி. உங்கள் கேள்விகளில் பெரியது அதுதான், அதனால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் கட்டுத்துவக்கு வைப்பார்கள், உங்களுக்கும் தெரிந்திருக்கும். பன்றி வரும் பாதையில் கம்பி கட்டி, குழாயில் வெடிமருந்து அடைத்து வைத்துவிட்டுப் போவார்கள். கம்பியில் எது பட்டாலும் வெடிக்கும். என் பெரியப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே போனது அப்படித்தான், விறகு எடுக்கப் போன இடத்தில். வைத்தவர் பக்கத்து வீட்டுக்காரர், நல்ல மனுஷன். கட்டுத்துவக்குக்குக் கண் இல்லை, அவ்வளவுதான். இங்கே நான் படித்த விதிகள் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: சுடமுதல் பார்.

2016 நவம்பர், சீசனின் இரண்டாம் நாள். முதல்நாள் இரவு பனி கொட்டியிருந்தது. நான் ஒரு சீடர் மரச் சதுப்பின் ஓரத்தில் நிற்கிறேன். எங்கள் ஆட்கள் மூன்று பேர் வடக்கிலிருந்து கலைத்துக்கொண்டு வருகிறார்கள். நான் கிழக்கைப் பார்த்துச் சுடலாம், வடக்குப் பக்கம் துவக்கே திரும்பக் கூடாது என்று காலையில் கொட்டிலில் வரைந்து காட்டிப் பேசியிருந்தோம். எழுபது மீட்டரில் ஒரு மண்ணிறம் அசைந்தது. காது ஒன்று சிலிர்த்தது, பனித் தூள் உதிர்ந்தது. கிழக்குத்தான், எனக்கு விட்ட பக்கம்தான். துவக்கை உயர்த்தினேன், சேஃப்டியில் (துவக்கு வெடிக்காமல் தடுக்கும் பூட்டு) பெருவிரல் இருக்கிறது. ஆனால் மானுக்குப் பின்னால் மேடு இல்லை, வெறும் மரங்கள். குண்டு போய்ப் புதைய மண் இல்லாத இடம். அதனால் பொறுத்தேன். அந்தப் பொறுத்த நேரத்தில், மானுக்குப் பின்னால் சீடர் கிளைகளுக்கு நடுவில், என் உள்ளங்கையளவு செம்மஞ்சள் தெரிந்தது. எங்கள் ஆள் ஒருவரின் தொப்பி. பீவர் என்ற விலங்குகள் அணை கட்டி வழியில் தண்ணீர் தேங்கியிருந்ததால், அவர் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் வந்துவிட்டார். மான் பாய்ந்து போனது. நான் தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டு ஒரு மரக்குற்றியில் இருந்தேன். வெகுநேரம் எழும்பவில்லை.

.308 ரகத் துவக்கின் குண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகும் தம்பி. மானின் உடம்பு அதை மறிக்காது.

அந்தச் செம்மஞ்சள் சட்டத்தில் இருப்பதால்தான் அவர் தலையில் இருந்தது. மானுக்குத் துவக்கு சீசன் நடக்கும்போது வேட்டைக்காரர் எல்லோரும், வில்லோடு போகிறவர்கூட, இடுப்புக்கு மேலே குறைந்தது 400 சதுர அங்குலம் செம்மஞ்சள் உடுப்பு போட வேண்டும், எல்லாப் பக்கமிருந்தும் தெரிய வேண்டும். தலையிலும் செம்மஞ்சள் வேண்டும். முதுகுப் பை அதை மறைத்தால் பைக்கு மேலும் ஒன்றைப் போடுங்கள். அப்புறம், துவக்கில் பூட்டிய ஸ்கோப்பால் (குறிபார்க்கும் கண்ணாடி) "அது என்ன" என்று பார்க்கிற ஆள் இருந்தால் உடனே சொல்லுங்கள். பார்க்க பைனாகுலர் இருக்கிறது. ஸ்கோப்பால் பார்ப்பவன் ஒரு மனிதனை நோக்கித் துவக்கு நீட்டிவிட்டுத்தான் அது மனிதன் என்று அறிகிறான்.

ஸ்காபரோ அக்கா:

மாங்குளத்தான் அண்ணா சொன்னதைப் படித்துக் கை நடுங்கியது. நானும் என் மகனும் போன வருடம் வகுப்பு முடித்தோம். தம்பிக்கு உதவுமே என்று அதை மட்டும் எழுதுகிறேன்.

இரண்டு வகுப்பு இருக்கிறது. ஒன்று வேட்டைக் கல்வி, அதை ஒன்லைனிலும் படிக்கலாம். மற்றது கனடா துவக்குப் பாதுகாப்பு வகுப்பு, அதற்கு நேரில்தான் போக வேண்டும். எழுத்திலும் செய்முறையிலும் 80 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். இரண்டையும் ஒரே வார இறுதியில் சேர்த்து நடத்தும் இடங்களும் உண்டு. அதற்குப் பிறகு துவக்கு லைசன்ஸுக்கு ஆர்சிஎம்பி என்ற கனடா மத்திய பொலிசுக்கு விண்ணப்பம். முதல் தடவை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு கட்டாயம், நடைமுறையில் அதைவிடக் கூடவே இழுக்கும். விண்ணப்பத்தில் மனைவியின் கையொப்பத்துக்கும் இடம் இருக்கிறது. அவர் போடாவிட்டால் உங்கள் விண்ணப்பத்தைப் பற்றி அவருக்கு அறிவிப்பார்கள். அதனால் முதலில் வீட்டில் உட்கார்ந்து கதையுங்கள் தம்பி.

செய்முறைச் சோதனையில் மேசையில் துவக்கு இருக்கும். எடுத்தவுடன் வாய் எந்தப் பக்கம், விரல் எங்கே, உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். என் மகன் வெறும் துவக்கு என்று தெரிந்தும் மூன்று தடவை திறந்து பார்த்தான். பயிற்றுநர் தலையாட்டினார். எந்தத் துவக்கையும் தோட்டா உள்ள துவக்காகவே நினை என்பதுதான் அங்கே முதல் பாடம்.

பூநகரியான்:

அண்ணை, அக்கா, இருவருக்கும் நன்றி. இதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பெரியப்பாவின் கதை வந்த இடத்தில் அவர் எழும்பிப் போய்விட்டார். பிறகு வந்து, "மற்றதையும் வாசியுங்கோ" என்றார்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஆறு பேரில் இரண்டு பேரிடம்தான் பெண்மானுக்கான டேக் (ஒரு மானை எடுக்க அனுமதிக்கும் சீட்டு) இருக்கிறதாம். ஆனால் எவரும் சுடலாம் என்கிறார்கள். அது சரியா? மற்றது, காலையில் இருட்டோடு பிக்கப்பில் போய் இறங்குவோம், துவக்கு ஆயத்தமாக மடியில் இருக்கும் என்று ஒருவர் சொன்னார். எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது.

மாங்குளத்தான்:

ஒரு மாதிரி இருந்தது சரிதான். இரண்டாவதை முதலில் சொல்கிறேன். வாகனத்துக்குள்ளோ மேலேயோ தோட்டா போட்ட துவக்கு இருக்கவே கூடாது. நான்கு சில்லு ஏடிவியும் மோட்டார் படகும் அதில் அடங்கும். துவக்கின் சுடும் அறையில் தோட்டா இல்லாவிட்டாலும், தோட்டா உள்ள மகசின் (தோட்டாப் பெட்டி) துவக்கில் மாட்டியிருந்தால் அது தோட்டா போட்ட துவக்குத்தான். வேட்டை நேரம் சூரியன் உதிக்க அரை மணித்தியாலம் முன்பிருந்து, மறைந்து அரை மணித்தியாலம் பின்பு வரை. அதற்கு வெளியே காட்டில் துவக்கு வெறுமையாக உறைக்குள் இருக்க வேண்டும். நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை மாற்றுவோம் இல்லையா, அந்தக் கிழமையில் நேரத்தைப் பிழையாகக் கணக்குப் போட்டவர்கள் பலர். உதய நேரத்தைப் பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒன்ராறியோவின் தெற்கில் ஞாயிற்றுக்கிழமை துவக்கு வேட்டைக்கு இடம் கொடுக்காத ஊராட்சிகளும் இருக்கின்றன, அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

டேக் விஷயத்தில் அவர்கள் சொல்வது பாதி சரி. குழு வேட்டை அனுமதி உண்டு. ஆனால் குழுவில் ஒவ்வொருவரிடமும் மான் லைசன்ஸ் இருக்க வேண்டும், எல்லோரும் உண்மையிலேயே வேட்டையில் சேர்ந்திருக்க வேண்டும், சுடுகிறவர் டேக்காரரிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் நிற்க வேண்டும், ஒருவருக்கொருவர் உடனே தொடர்பு கொள்ள வழி இருக்க வேண்டும். டேக்காரர் வீட்டில் படுத்திருக்க மற்றவர் அவர் டேக்கில் சுடுவது குற்றம். ஒரு மான் விழுந்ததும் எல்லோருக்கும் ரேடியோவில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரே டேக்குக்கு இரண்டு மான் விழும். எனக்குத் தெரிந்த ஒரு குழுவுக்கு அது நடந்தது. டேக்கில் திகதியையும் நேரத்தையும் விழுந்த இடத்திலேயே வெட்டிக் குறிக்க வேண்டும், மானை இழுத்து வந்த பிறகு அல்ல. சீசன் முடிந்து ஒன்றும் கிடைக்காவிட்டாலும் அமைச்சுக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும்.

வேலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடக்கமுதல் தோட்டாவை எடுத்து, துவக்கை வேலிக்குக் கீழால் வைத்து, வாய் இல்லாத பக்கத்தால் நீங்கள் ஏறுங்கள். மரத்தில் கட்டிய பரண் என்றால் உடம்பு முழுதும் கட்டும் வாரோடு ஏறி, இருந்த பிறகு கயிற்றால் வெறுந்துவக்கை இழுத்து எடுங்கள்.

கவார்த்தா விவசாயி:

எனக்குச் சொந்தமாக 40 ஏக்கர் காணி இருக்கிறது, அதனால் மற்றப் பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை. காயம்பட்ட மான் என் காணிக்குள் ஓடி வந்தது என்று கேட்காமல் உள்ளே வரக் கூடாது. மரத்திலோ கம்பத்திலோ சிவப்பு வட்டம் கண்டால் நுழையத் தடை என்று பொருள், மஞ்சள் என்றால் சில விஷயத்துக்கு மட்டும் அனுமதி. பயிர் செய்த நிலத்துக்கும் வேலி அடைத்த நிலத்துக்கும் பலகையே தேவையில்லை. கதவைத் தட்டிக் கேட்டால் நான் டோர்ச் எடுத்துக்கொண்டு கூடத் தேட வருவேன். கேட்காமல் வந்தவரை அடுத்த வருடம் ஞாபகம் வைத்திருப்பேன்.

பூநகரியான்:

முடிவு எடுத்துவிட்டோம். இந்த நவம்பர் நான் கொட்டிலில் நின்று சமைக்கிறேன், காட்டுக்குள் இறங்குவதில்லை. வகுப்புக்கு ஜனவரியில் நானும் மனைவியும் சேர்ந்து பதிகிறோம். அவர்தான் கேட்டார், துவக்கு எப்படித் திறந்து வெறுமையாக்குவது என்று தனக்கும் தெரிய வேண்டுமாம்.

மாங்குளத்தான்:

சந்தோஷம் தம்பி. சமைக்கிறவரிடம் சட்டம் செம்மஞ்சள் கேட்காது. ஆனாலும் தொப்பி ஒன்றும் மேற்சட்டை ஒன்றும் வாங்கிக்கொண்டு போங்கள். கொட்டிலில் இருந்து கக்கூசுக்கும் விறகுக் குவியலுக்கும் போகிற தூரத்திலும் போட்டுக்கொள்ளுங்கள். மான் இறைச்சியில் கொழுப்புக் குறைவு, மிளகும் தேங்காய்ப்பாலும் கொஞ்சம் கூடவே கொண்டு போங்கள்.