ஒரே பிராசஸர், இரண்டு மதர்போர்டுகள்: பெஞ்ச்மார்க் எண்கள் சொன்னவை

பி450 மதர்போர்டை எடுத்துவிட்டு எக்ஸ்570 போட்டால் கணினி வேகமாகுமா என்று பலரும் கேட்பதால், என்னுடைய ரைசன் 5 3600 பிராசஸரையும், அதே இரண்டு டிடிஆர்4-3200 ரேம்களையும், அதே எஸ்எஸ்டியையும் இரண்டு போர்டுகளிலும் மாற்றிப் பொருத்திச் சோதித்த அனுபவத்தை எழுதுகிறேன்.

ரேமின் வேகத்தை அளக்கும் எய்டா64 நினைவகச் சோதனையின் முதல் ஓட்டத்தில் விலை கூடிய எக்ஸ்570தான் பின்தங்கியது. பழைய போர்டில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் அறிவிக்கப்பட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்கப்பட்டிருந்தது. புதியதோ பெட்டியிலிருந்து வந்தபடியே ரேமை 2133 வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தது. இரண்டு ரேம்களும் சேர்ந்து இயங்கும் இரட்டைச் சேனலில் 2133 வேகத்தின் உச்ச வரம்பு நொடிக்குச் சுமார் 34 ஜிபி, 3200 வேகத்தின் வரம்பு 51.2 ஜிபி, ஆகவே பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) எக்ஸ்எம்பி என்ற ஒரு வரியை மாற்றாமல் எடுக்கும் ஒப்பீடு எதையும் நிரூபிக்காது.

எக்ஸ்எம்பியை இயக்கியதும் படிக்கும் வேகம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. எழுதும் வேகமோ இரண்டிலுமே 25.6 ஜிபியை ஒட்டி நின்றுவிட்டது. இந்த எண்ணைப் பார்த்து ரேம் பழுது என்று பதறுகிறவர்கள் உண்டு. ஆனால் இந்தப் பிராசஸரில் கணக்கிடும் கோர்கள் ஒரு சில்லிலும் ரேமை இயக்கும் நினைவகக் கட்டுப்பாட்டகம் இன்னொரு சில்லிலும் இருக்கின்றன; இரண்டுக்கும் இடையே எழுதும் பாதையின் அகலம் படிக்கும் பாதையில் பாதிதான் என்பதால், எந்த போர்டை மாட்டினாலும் அந்த எண் நகராது. நினைவகக் கட்டுப்பாட்டகம் மதர்போர்டின் நார்த்பிரிட்ஜ் சிப்பில் இருந்த காலத்தில் போர்டுக்குப் போர்டு ரேம் வேகம் மாறியதில் நியாயம் இருந்தது. ஏஎம்டி 2003இல் அத்லான் 64 வழியாகவும், இன்டெல் 2008இல் நெஹலம் வழியாகவும் அதைப் பிராசஸருக்குள் கொண்டுவந்த பிறகு, எக்ஸ்எம்பி தொடாத சின்னச் சின்ன டைமிங்குகளை (ரேம் காத்திருக்கும் இடைவெளிகளை) போர்டு எவ்வளவு இறுக்கமாக வைக்கிறது என்பதில்தான் வேறுபாடு மிஞ்சுகிறது.

பிராசஸரின் எல்லாக் கோர்களின் வேகத்தையும் அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23 பல்கோர் சோதனையில் மட்டும் எக்ஸ்570 ஒவ்வொரு முறையும் சிறிது முந்தியது. ரேமின் வேகத்தைச் சினிபெஞ்ச் அவ்வளவாகப் பொருட்படுத்தாது என்பதால் எனக்குச் சந்தேகம் எழுந்தது. கணினியின் உள்ளளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் 2020இல் சேர்க்கப்பட்ட மின்அறிக்கை விலகல் என்னும் அளவைப் பார்த்தேன். முழுச் சுமையில் அது 100 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். எக்ஸ்570இல் அதற்குக் கணிசமாகக் கீழே காட்டியது. அதாவது, உண்மையில் செல்லும் மின்சாரத்தைக் குறைத்துச் சொல்லி, தனக்கு விதிக்கப்பட்ட 88 வாட் வரம்புக்குள்தான் இருக்கிறோம் என்று பிராசஸரை நம்பவைத்து, அதைக் கூடுதல் மின்சாரம் இழுக்கவிடுகிறது அந்த போர்டு. வெப்பநிலையும் அதற்கேற்ப உயர்ந்திருந்தது. இதை வேகம் என்று ஏற்க எனக்கு மனமில்லை.

பிசிஐஇ 4.0 (3.0க்கு அடுத்த தலைமுறை இணைப்பு) எஸ்எஸ்டி வைத்திருப்பவருக்கு எக்ஸ்570 பயன்படும். அது பி450இல் கிடைக்காத வசதி. என்னிடம் இருப்பது 3.0 எஸ்எஸ்டி. எக்ஸ்570இன் சிப்செட்டின் மேல் சுழலும் குட்டி விசிறியின் இரைச்சலும் பிடிக்காததால், பி450ஐயே மீண்டும் பொருத்திக்கொண்டேன்.