புதுப்பிப்பு: மிரிஸ்ஸ கடலுக்குப் போய் வந்தாச்சு

மார்ச்சில் இலங்கையின் தென்கரையில் இருக்கிற மிரிஸ்ஸ போனால் கடல் எப்படி இருக்கும், திமிங்கிலம் தெரியுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு.

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து விடியுமுன்னே வெளிக்கிட்டோம். துறைமுகத்தை விடும்போது கடல் எண்ணெய் ஊற்றினது போல. கரை மறைந்ததும் காற்று எழும்பி, போட்டின் மூக்கைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மச்சான் சாப்பிட்ட பணிஸ் முழுக்கக் கடலுக்குத்தான். வாந்திக் குளிசையை ஏறுமுன்னே போடுங்கள். ஆடத் தொடங்கின பிறகு போட்டுப் பெரிய பயனில்லை.

சரி, நீலத் திமிங்கிலம்! முதலில் நேராக மேலெழும் ஊதல். பிறகு சாம்பல்நீல முதுகு நீண்டுகொண்டே போகிறது, கடைசியில்தான் அந்தக் குட்டித் துடுப்பு. எங்கள் ஓட்டி எஞ்சினைக் குறைத்துத் தள்ளியே நின்றார். துரத்தின போட்டுகளும் இருந்தன, பார்க்கவே எரிச்சல்.

போவதென்றால் ஏப்ரலுக்குள் போங்கள். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் திருகோணமலைப் பக்கம்தான்.